பிற்பகலில் வந்த நாவல்: நடுவயதுப் புனைகதையாளரும் அவர்களைச் சூழ்ந்த அவைகளும்

தமிழில் அச்சேறிய முதல் நாவல் என்று கொள்ளப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டு வெளிவந்தபோது, அதன் ஆசிரியரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஐம்பது வயதைக் கடந்து, முன்சீப் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஏழாண்டுகள் ஆனவராக இருந்தார். அதற்கடுத்துப் பெரும்புகழ் பெற்ற 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இல் தொடராக வரத் தொடங்கியபோது பி.ஆர். ராஜமையருக்கு வயது 21. ராஜமையர் 1898இல் இளவயதிலேயே மறைந்துவிட்டதாலும், அதற்குள் அவர் காட்டிய முதிர்ச்சி யாரையும் வியக்க வைப்பது என்பதாலும், தமிழ் நாவலின் பிறப்பைப் பற்றிய பேச்சில் இளமேதை என்ற உருவமே முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் அடுத்த நூறாண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், முதல் நாவலைத் தம் நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ எழுதியவர்களின் வரிசை சிறியதன்று என்பதும், நீதிமன்றம், கல்லூரி, கடைத்தெரு, கரிசல் நிலம் என்று வேறு வேலைகளில் பாதி வாழ்நாளைக் கழித்தபின் வந்த அவர்களே இவ்வடிவத்துக்குள் அதுவரை நுழையாத சில நிலங்களையும் தொழில்களையும் கொண்டுவந்தார்கள் என்பதும் தெரியவரும். அவர்களிடம் சொல்வதற்குச் செய்தி நிறையவே இருந்தது; கேட்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் எங்கே கிடைத்தார், எந்த வடிவத்தில் கிடைத்தார் என்பதைப் பொறுத்தே அவர்களுடைய எழுத்தின் போக்கும், சிலருடைய நூல்களின் தலைவிதியும் அமைந்தன.

பழைய புலமை மரபில், ஒரு நூல் எழுதி முடிக்கப்பட்டதால் மட்டும் நூலாகிவிடுவதில்லை. கற்றோர் கூடிய அவையில் ஆசிரியரே பாடலைப் படித்துப் பொருள் சொல்லி, எழுப்பப்படும் தடைகளுக்கு விடை கூறி, அவையின் ஒப்புதலைப் பெறுவதாகிய அரங்கேற்றம் நடந்தபின்னரே அது நூலென்று மதிக்கப்பட்டது. தலபுராணம் போன்ற பெருநூலாயின், கோயில் மண்டபத்தில் பல நாள்கள் தொடர்ந்து இது நடக்கும். நூலை எழுதுவித்தவர் பொருளும் பட்டாடையும் வழங்குவார். உடனிருந்த புலவர்கள் நூலையும் ஆசிரியரையும் புகழ்ந்து சாற்றுகவிகள் பாடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது இச்சாற்றுகவிகளும் சிறப்புப்பாயிரங்களும் நூலின் முன்பக்கங்களில் இடம்பிடித்து, வாங்குகிறவர் பார்வையில் முதலில் படும் நற்சான்றுகளாக மாறின. புலமை வயதோடு கூடி வளர்வது என்ற எண்ணம் வேரூன்றிய அச்சூழலில், ஐம்பது வயதில் ஒருவர் புதிய நூல் செய்வது யாருக்கும் வியப்பாகத் தோன்றியிருக்காது. வேதநாயகம் பிள்ளை அதை வசனத்தில் செய்ததுதான் புதுமை.

வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தபின், தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் இறுதியாக மாயூரத்திலும் முன்சீப்பாக, அதாவது சொத்து, கடன், பாகப்பிரிவினை போன்ற வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதியாகப் பணியாற்றி, 1872இல் ஓய்வு பெற்றார். நீதிபதியாக இருந்த காலத்திலேயே 'நீதி நூல்', 'பெண்மதி மாலை' ஆகிய செய்யுள் நூல்களை எழுதியதோடு, உயர்நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். இந்தக் கடைசி நூலை இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும் பின்னாளைய நாவலாசிரியரின் கை பழகிய இடம் அதுவே என்று கொள்வதற்கு நியாயம் உண்டு. யார் யாருக்கு என்ன உறவு, எந்த நிலம் யாரிடம் கைமாறியது, சாட்சி எங்கே பொய் சொன்னான் என்பவற்றைக் குழப்பமின்றி, வரிசையாக, வசனத்தில் எழுதும் பயிற்சியை அக்காலத் தமிழ்ப் புலவர் எவரும் வேறெங்கும் பெற்றிருக்க முடியாது.

மாயூரத்தில் அவரைச் சூழ்ந்திருந்த அவையோ முற்றிலும் செய்யுள் சார்ந்தது. அக்காலத்தின் தலைசிறந்த புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவ்வூரில் வசித்ததோடு, வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 'குளத்துக்கோவை' என்ற நூலையும் பாடினார். 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் அவ்வூரோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைக் கிறித்தவரான வேதநாயகம் பிள்ளை செய்யுளில் புகழ்ந்து பாடியதை உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். முன்சீப்பும் சைவ மடாதிபதியும் கீர்த்தனை ஆசிரியரும் புராணப் புலவரும் ஒருவர் நூலை மற்றவர் கேட்டுப் பாராட்டிய அந்த வட்டத்தில் சமய வேறுபாடு குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை. ஆயின், அதில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த மொழி செய்யுள் ஒன்றே. நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் ஒரு வசனக் கதையை அந்த அவையில் அரங்கேற்றுவதற்கு முறையும் இல்லை, முன்மாதிரியும் இல்லை.

அதனால்தான் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் முன்னுரைக்கு அதன் கதையைவிடவும் சில வகையில் அதிக வரலாற்று மதிப்பு உண்டு. தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையை நீக்குவதற்காகவே இதை எழுதியதாக ஆசிரியர் அதில் விளக்கம் தருகிறார். அவை எழுப்பக்கூடிய தடைகளுக்கு அவை கூடாமலே விடை சொல்லும் முயற்சி அது. அரங்கேற்ற மேடையில் நிகழ வேண்டிய உரையாடல், முகம் தெரியாத வாசகரை நோக்கித் தாளில் நிகழ்ந்தது. கதையோ, பிரதாப முதலி, அவன் மனைவி ஞானாம்பாள் ஆகியோரின் வாழ்வைச் சொல்லிக்கொண்டே, வழக்கு நீளும் கொடுமைக்கும் வக்கீல்களின் சாமர்த்தியத்துக்கும் அடிக்கடி கிளைபிரிந்து போகிறது. ஆண் வேடம் பூண்ட ஞானாம்பாள் விக்கிரமபுரியின் அரசாட்சியை ஏற்கும் பகுதியும், தமிழ் வழங்கும் நாட்டில் நீதிமன்றம் தமிழில் நடக்க வேண்டும் என்று வாதாடும் பகுதியும், கதைப்பின்னலின் தேவையால் வந்தவை என்று சொல்வது கடினம். பல ஆண்டுகள் ஆசனத்தில் அமர்ந்து பிறர் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஓய்வுக்குப் பின் தம் வாதத்தை எடுத்துவைத்தார் என்பதே பொருந்தும். இளைஞர் ஒருவர் எழுதியிருந்தால் நாவல் இறுக்கமாக அமைந்திருக்கக்கூடும். இத்தனை கிளைக்கதைகளும் நகைச்சுவையும் அதில் இருந்திருக்குமா என்பது ஐயமே.

ஓய்வூதியம் என்ற ஏற்பாடும் இங்கே கருதத்தக்கது. நிலவுடைமையோ மன்னர் ஆதரவோ இல்லாதவர்களுக்கு, பிற்காலத்தில் வேலை செய்யாமலே மாதந்தோறும் பணம் வரும் நிலையைக் காலனி ஆட்சியின் அரசுப்பணி முதன்முறையாக உண்டாக்கியது. உப்பு, ஆப்காரி இலாகாவில், அதாவது உப்பு வரியும் மதுவரியும் வசூலிக்கும் துறையில், அதிகாரியாக இருந்த அ. மாதவையா, இளமையிலேயே நாவல் எழுதத் தொடங்கியவராயினும், பணியிலிருந்து முன்னதாகவே விலகி, சென்னையில் அச்சகம் நிறுவி, 1924இல் 'பஞ்சாமிர்தம்' இதழைத் தொடங்கியது இந்த ஏற்பாட்டின் விளைவே. அடுத்த ஆண்டே, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று பேசிய கூட்டத்திலேயே, 53 வயதில் அவர் உயிர் பிரிந்தது.

மாதவையாவின் முதல் முயற்சியும் ராஜமையரின் நாவலும் வெளிவந்த 'விவேக சிந்தாமணி', நாவலுக்கு வாய்த்த முதல் நிலையான அவை எனலாம். மாத இதழில் பகுதி பகுதியாக வரும் கதைக்கு வாசகர் கடிதம் எழுதுவர். ஆசிரியர் அடுத்த பகுதியை அதற்கேற்ப வளைக்கவும் செய்வார். இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிய வார இதழ்களின் தொடர்கதைத் தொழிலாக வளர்ந்தபோது, வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த பக்கம் தரக்கூடிய எழுத்தாளருக்கே அது இடமளித்தது. வேறு தொழிலில் இருந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் ஒரே நாவலைச் செதுக்குகிறவருக்கு அங்கே வாசல் திறக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக மூன்று வகைக் கூட்டங்கள் உருவாயின: ஒருவர் வீட்டில் கூடிப் படிக்கும் வட்டம், சில நூறு சந்தாதாரரை நம்பிய சிற்றிதழ், கடிதம்.

வீட்டு வட்டங்களில் முதலில் நினைக்கப்படுவது டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டின் நடுவில் இருந்த வட்ட வடிவமான தொட்டிக்கட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடியதால் அப்பெயர் வந்தது. அங்கே கம்பன் பாடலும் தனிப்பாடலும் பாடவும் பேசவும் பெற்றனவேயன்றி நாவல் பேசுபொருளாக இருந்ததில்லை. எனினும், எழுத்துத்தமிழ் பேச்சுத்தமிழின் ஓசையை விட்டு விலகக் கூடாது என்று டி.கே.சி. விடாமல் வற்புறுத்தியது, தாம் பேசும் மொழி அச்சுக்கு உதவாது என்று ஒதுங்கியிருந்த பலருக்கு உரிமைச்சீட்டு வழங்கியதுபோல் ஆயிற்று. அவரோடு நெருங்கிப் பழகியவர்களில் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் கிராமத்தைச் சேர்ந்த இருவர் உண்டு. இருவரும் 1923இல் பிறந்தவர்கள், கு. அழகிரிசாமி இளமையிலேயே ஊரைவிட்டுச் சென்னைப் பத்திரிகைகளுக்கும், பின்னர் மலாயாவின் 'தமிழ் நேச'னுக்கும் வேலைக்குப் போனார், கி. ராஜநாராயணன் ஊரிலேயே தங்கி விவசாயம் பார்த்தார்.

கி.ரா. பள்ளிப்படிப்பை முடிக்காதவர், இளமையில் காசநோயோடு போராடியவர், விவசாயிகள் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை கண்டவர். முப்பதைக் கடந்தபின், 1950களின் இறுதியில் 'சரஸ்வதி' இதழில் வந்த 'மாயமான்' கதையே அவரைச் சிறுகதையாளராக அறிமுகப்படுத்தியது. முதல் நாவலான 'கோபல்ல கிராமம்' 1976இல் வெளியானபோது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். இடைப்பட்ட காலத்தில் அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்று நூலாகக் கிடைக்கின்றன. இசை, உடல்நலம், குடும்பம், படித்த புத்தகம் என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் அக்கடிதங்களில் எழுத்துப் பாடம் எதுவும் முறையாக நடத்தப்படவில்லை. கரிசலில், அதாவது பருத்தியும் கம்பும் விளையும் வறண்ட கருமண் நிலத்தில் உட்கார்ந்திருந்தவர், தம்மைத் தொலைவில் ஒருவர் எழுத்தாளராகவே கருதி எழுதுகிறார் என்ற உறுதியை அவற்றால் பெற்றார். அழகிரிசாமி 1970இல் மறைந்தார். நண்பர் எழுதிய முதல் நாவலைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

'கோபல்ல கிராம'த்தின் அமைப்பை நெருங்கிப் பார்த்தால், எழுத்தாளர் தமக்கு வேண்டிய அவையைக் கதைக்குள்ளேயே கூட்டியிருப்பது புலப்படும். தொடக்கத்தில், தண்ணீர் குடிக்கக் குளத்தில் இறங்கிய கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காகக் கள்வன் ஒருவன் நீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். உயிர் போகும் வேளையில் அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்துப் பிடித்த பிடி விடாததால் அவன் அகப்படுகிறான். நவீன நாவலாசிரியர் வேறொருவராயின், விசாரணையையும் தண்டனையையும் தொடர்ந்து போயிருப்பார். கி.ரா. நிறுத்தி, நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாளைப் பேச வைக்கிறார். தெலுங்கு நாட்டிலிருந்து தம் குடிகள் ஒரு பெண்ணின் மானம் காக்க இரவோடிரவாகத் தப்பி வந்த கதையை அக்கிழவி சொல்ல, பேரன் பேத்திகள் சுற்றியமர்ந்து கேட்கிறார்கள். கேட்பவர் இருப்பதால் கதை விலகுகிறது, திரும்புகிறது, சிரிக்கிறது. நாவலுக்குரிய கட்டுக்கோப்பு இதில் இல்லை என்று அன்று குறை சொன்னோர் உண்டு. கரிசலின் மந்தையிலும் திண்ணையிலும் ஐம்பதாண்டுகள் கதை கேட்டு வளர்ந்த ஒருவர், மேற்கு நாட்டிலிருந்து வந்த கட்டுக்கோப்பை ஏன் கடன் வாங்க வேண்டும் என்பதே அதற்குத் தகுந்த விடை. இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதற்குள் கி.ரா.வே ஓர் அவையின் தலைவராகிவிட்டிருந்தார். கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதி வெளியிட்டதும், அப்பகுதி இளம் எழுத்தாளரின் கதைகளைத் தொகுத்ததும், தாம் டி.கே.சி.யிடமும் அழகிரிசாமியிடமும் பெற்ற உரிமைச்சீட்டைக் கைமாற்றிய செயல்களாகும்.

சிற்றிதழ் என்ற இரண்டாம் வகைக் கூட்டத்துக்கு சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் தொடங்கிய 'எழுத்து' தலையாய சான்று. ராஜமையர் பிறந்த வத்தலக்குண்டுதான் செல்லப்பாவுக்கும் ஊர் என்பது வரலாற்றின் சிறு வேடிக்கை. 1912இல் பிறந்த அவர் அதுவரை சிறுகதையாளராகவே அறியப்பட்டிருந்தார். விமரிசனத்துக்காகத் தொடங்கிய தம் இதழில்தான், 47 வயதில், 'ஜீவனாம்சம்' என்ற நாவலைத் தொடராக எழுதினார். விற்பனையை எண்ணாத இதழ் என்பதால் வாசகரைக் கொக்கியிட்டு இழுக்கும் தேவை அதற்கு இல்லை. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையில் நிற்கும் ஒரு விதவையின் மன ஓட்டத்தையே அது தொடர்ந்து செல்கிறது. இதழ் நடத்திய கடன் சுமையால் புத்தகப் பைகளைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற செல்லப்பா, விடுதலைப் போராட்ட காலத்தைப் பற்றிய 'சுதந்திர தாகம்' என்னும் மூன்று பாக நாவலை 1997இல், 85 வயதில், தம் பொறுப்பிலேயே பதிப்பித்தார். நடுவயதில் நாவலுக்கு வந்தவருக்கு முதுமையிலும் அது முடியவில்லை. 'சுதந்திர தாக'த்துக்கான சாகித்திய அகாதெமி விருது 2001இல், அவர் மறைந்தபின் வந்தது.

இவ்வகைக் கூட்டம் ஓர் ஊரையே பற்றிக்கொண்ட அரிய நிகழ்வு திருவனந்தபுரத்தில் நடந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்து, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின், அந்நகரின் தமிழர் அதுவரை இருந்ததைவிடத் தெளிவாகச் சிறுபான்மையராயினர். சென்னையின் பத்திரிகைச் சந்தை தொலைவில் இருந்தது. அண்டையில் இருந்ததோ உயிர்ப்பு மிக்க மலையாள நாவல். வணிக எழுத்தின் வற்புறுத்தல் எட்டாமலும், நல்ல எழுத்தின் முன்மாதிரி எட்டும் தொலைவிலும் இருந்த இவ்விடத்தில், பத்தே ஆண்டுகளுக்குள் மூவர் நாற்பது வயதையொட்டித் தம் முதல் நாவலைத் தந்தனர். ஆங்கிலப் பேராசிரியையான ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. ஆங்கிலப் பேராசிரியரும் கவிஞருமான நகுலனின் 'நிழல்கள்' 1965இல் வந்தபோது அவருக்கு வயது 44. சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவனின் 'புனலும் மணலும்' 1974இல் வெளியாயிற்று. மின்வாரியப் பொறியாளரான நீல. பத்மநாபன் இவர்களுக்கு இளையவர். 'தலைமுறைகள்' அவரது முப்பதாம் வயதின் நூல். 

இந்நால்வரின் எழுத்தும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை என்பதே அக்கூட்டத்தின் சிறப்பு. நகுலன் நினைவும் சொல்லும் கலந்து கலையும் தனிமொழியை எழுதினார். மாதவனோ ஆற்றில் மணல் வாரும் தொழிலாளியின் காரணம் சொல்ல முடியாத வெறுப்பை, வெயிலும் ஈரமும் உறைக்க எழுதினார். கல்லாப்பெட்டியின் பின்னால் உட்கார்ந்து, கடை வாசலில் போகும் சுமைக்காரரையும் சில்லறைத் திருடரையும் நாள்தோறும் பார்த்திருந்தவருக்கே கைவரும் கறாரான பார்வை அவருடையது. கடைத்தெருவில் அவரைத் தேடி எழுத்தாளர் வருவதும், கவடியார் பகுதியில் நகுலன் வீட்டில் கூடுவதும் வழக்கமாக இருந்தன. 1968இல் நகுலன் தொகுத்து வெளியிட்ட 'குருக்ஷேத்திரம்' என்ற இலக்கியத் தொகுப்பு, இவ்வட்டத்தின் ரசனை எத்துணை விரிந்தது என்பதற்குச் சான்று. 

கடை வாசலும் நண்பர் வீட்டு மாடியும் ஆண்களின் இடங்கள். இலக்கியக் கூட்டங்களைப் பற்றிய நினைவுநூல்கள் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவை இருப்பதாக அவற்றின் ஆசிரியர்கள் உணரவுமில்லை. ஹெப்சிபாவுக்குத் தமிழ்ப் பேராசிரியரான கணவர் ஜேசுதாசனே முதல் வாசகராகவும் தூண்டுகோலாகவும் அமைந்தார். இருவரும் சேர்ந்து 1961இல் தமிழ் இலக்கிய வரலாறு ஒன்றை ஆங்கிலத்தில் எழுதியிருந்தனர். அந்தப் புலமையின் சாயல் சிறிதும் படியாமல், பனைவிளையின் பேச்சிலேயே, பனையேறியின் மகன் தங்கராஜை விரும்பிய லிஸியின் கதையாகப் 'புத்தம் வீடு' அமைந்தது. மதுரம் பூதலிங்கம் என்ற இயற்பெயர் கொண்ட கிருத்திகா, உயர் அரசு அதிகாரியின் மனைவியாக டில்லியில் வாழ்ந்தவர். 1953இல், நாற்பதை நெருங்கும் வயதில், தலைநகரின் அதிகார வர்க்கத்தைப் பற்றிய 'புகை நடுவில்' நாவலோடு தொடங்கி, 51ஆம் வயதில் 'வாஸவேச்வரம்' எழுதினார். தென்னாட்டுக் கிராமம் ஒன்றின் பாலுறவுச் சிக்கல்களை அது பேசிய வெளிப்படையான முறை, அக்காலத்தில் ஆண் எழுத்தாளரிடமும் அரிது. அவருக்கு வாய்த்த அவை பெரும்பாலும் கடிதத்தால் ஆனது. 'மணிக்கொடி' இதழ்க் காலத்து எழுத்தாளரான சிட்டியோடு அவர் ஆங்கிலத்தில் நடத்திய நெடுங்காலக் கடிதப் போக்குவரத்து பின்னாளில் நூலாக வந்துள்ளது. நாவலின் நூறாண்டு வரலாற்றை சிவபாதசுந்தரத்தோடு சேர்ந்து எழுதிய சிட்டி போன்ற ஒருவர் கடிதத்தின் மறுமுனையில் இருந்தது, அக்காலப் பெண் எழுத்தாளர் பலருக்கும் கிடைக்காத பேறு.

அவை வாய்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ப. சிங்காரத்தைவிட வலுவான எடுத்துக்காட்டு இல்லை. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, இளவயதில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்று, போருக்குப்பின் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' அலுவலகத்தில் நாற்பதாண்டுகள் வேலை பார்த்த அவர், ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாகவே வாழ்ந்தார். முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' 'கலைமகள்' இதழ் நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவுப் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. நாவல் போட்டி என்பது, எவர் வட்டத்திலும் இல்லாத ஒருவர் தம் கையெழுத்துப்படியை முன்வைப்பதற்கு அன்றிருந்த ஒரே பொது அரங்கேற்றம். ஆனால் போட்டி ஒருமுறை கேட்டுவிட்டுக் கலைந்துபோகும் அவை. இரண்டாம் நாவலான 'புயலிலே ஒரு தோணி', பதிப்பாளர் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 1972இல், அவருடைய 52ஆம் வயதில் அச்சேறியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மேடான், பினாங்கு நகரங்களையும், வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன்களின் பேச்சையும், மதுரைத் தெருக்களின் நினைவையும், தமிழ்ப் புலமை மரபின் மீதான கிண்டலையும் ஒரே மூச்சில் கலந்த அந்நாவலைப் பற்றி எழுதவோ பேசவோ உடனடியாக எவரும் முன்வரவில்லை. சிங்காரம் மூன்றாவது நாவல் எழுதவில்லை. பிற்காலத்து எழுத்தாளர் சிலர் தேடிப் படித்து, தமிழின் தலையாய நாவல்களுள் ஒன்றென்று நிறுவியபோது அவர் முதுமையை எட்டியிருந்தார், 1997இல் மறைந்தார். புறக்கணிப்பால் அவர் எழுத்தை நிறுத்தினார் என்பது மிகைப்படுத்தப்பட்ட கதையாக இருக்கலாம். இயல்பிலேயே ஒதுங்கி வாழ்ந்தவர் அவர். ஆனாலும் அவருடைய வாசகர்கள் இருபதாண்டுகள் தாமதமாக வந்தார்கள் என்பதில் மிகையில்லை.

வட்டங்களுக்கும் குறைகள் உண்டு. ஒரு வட்டத்தின் ரசனை இறுகிப்போனால், அதற்குள் எழுதுகிறவர் தலைவரின் வாக்கியத்தையே தம்மை அறியாமல் எழுதத் தொடங்குவதைச் சிற்றிதழ் வரலாற்றின் பல பக்கங்களில் காணலாம். வட்டத்துக்கு வெளியே இருப்பவரைப் படிக்காமலே தள்ளும் பழக்கமும் அதனுடனேயே வந்தது. இதிலிருந்து நடுவயதினரை ஓரளவு காத்தது அவர்களுடைய தொழில்தான். கடையை மூடிவிட்டு வருகிறவருக்கு இலக்கியம் பிழைப்பன்று. மறுநாள் காலை திரும்பிச் செல்ல அவருக்கு வேறோர் உலகம் இருந்தது.

அத்தகையவர்களுள் ஒருவரான, திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்த தோப்பில் முகமது மீரான், 1944இல் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து மலையாளத்தில் கல்வி கற்றவர். முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தபின், 1988இல், அவருடைய 44ஆம் வயதில் நூலாயிற்று. வீட்டிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்டு வளர்ந்த தமிழ் அவர் செவியில் இருந்ததே தவிர, தமிழ் எழுத்து அவர் கைக்குப் பழக்கமானதன்று. ஆகவே அவர் தமிழ்ச் சொற்களை மலையாள எழுத்தில் எழுத, பிறர் அதைத் தமிழ் எழுத்தில் படியெடுத்துக் கொடுத்தனர். ஒருவர் வாய்விட்டுச் சொல்லாத சொல்லையும் அதன் கடலோர உச்சரிப்போடு மற்றொருவர் ஏட்டில் இறக்க வேண்டியிருந்த இவ்வேலையில், படியெடுப்பவரே முதல் வாசகராகவும், ஐயம் கேட்பவராகவும் ஆனார். ஊரின் பெரும் வீட்டுக்காரரான வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் ஆணவத்தையும் வீழ்ச்சியையும் சொன்ன அந்நாவலை அடுத்து, 'துறைமுகம்', 'கூனன் தோப்பு', 'சாய்வு நாற்காலி' ஆகியவை பத்தாண்டுக்குள் வந்தன. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.